குளம்புச் செருப்பு

நம் வயதுக்காரர்களிடம் ஜப்பான் துணி என்று சொன்னால் எல்லாருக்கும் முதலில் நைலக்ஸ் சேலைதான் ஞாபகம் வரும். கசக்கி உள்ளங்கைக்குள் அடக்கிவிடலாம், உதறினால் ஒரு சுருக்கம் இருக்காது. உங்களில் பாதிப் பேர் அதைக் கட்டியிருப்பீர்கள். மீதிப் பேர், என்னைப் போல, கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது முன்னால் நிற்கிறவளின் முந்தானையைத் தெரியாமல் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். ஆண்களுக்கு டெட்ரான் சட்டை. யார் வீட்டுக்காவது வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால், தெருவே போய் அந்தச் சட்டைத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு வரும்.

எங்கள் வீட்டுக்கும் ஜப்பானிலிருந்து துணி வந்தது. அதைத் தொட்டுப் பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

கொண்டுவந்தவர் என் சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். நான் பிறப்பதற்கு முன்பே கப்பல் வேலைக்கென்று போனவர், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சித்திரை மாதம் திரும்பி வந்தார். கேரள எல்லையில், நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுக் கூடம் நிறைய அன்று ஒறம்பரை, சொந்தக்காரர் கூட்டம். பெரிய பெட்டியோடு கார் வரும் என்று எல்லாரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு மூட்டை. ஒரு பெரிய சதுரத் துணியின் நான்கு முனைகளையும் இழுத்து முடிந்தது. கருநீலத்தில் வெள்ளை அலை அலையாகக் கோடு போட்ட துணி. அம்மா பின்னால், “சலவைக்குப் போடற மூட்டையாட்ட இருந்துது” என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்பாதான் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு சட்டை, ஒரு சவரப்பெட்டி, ஒரு கட்டு மெல்லிய பருத்தித் துண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு நீலச் சித்திரம், இரண்டு ஓரமும் மடித்துத் தைக்காமல் நூல் பிரிந்து நின்றது. அடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு ஜோடி செருப்பு.

செருப்பு என்று சொல்வதே தப்பு. கெட்டியான கறுப்புத் துணியில் கெண்டைக்கால் வரை வரும் உறை, அடியில் ரப்பர். பின்பக்கம் குதிகாலிலிருந்து மேலே வரிசையாகத் தட்டையான பித்தளைக் கொக்கிகள். முன்பக்கம் கட்டை விரலுக்கு ஒரு தனி அறை, மற்ற நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரு அறை. கூடத்தில் நிறுத்தி வைத்தபோது மாட்டின் முன்னங்கால் இரண்டை வெட்டி வைத்தது போல இருந்தது.

“என்னடா இது, குளம்பு?” என்றார் அப்பா.

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

“அங்கே தபின்னு சொல்லுவாங்கண்ணா. வேலைக்குப் போறவங்க போடறது.”

“நீ போட்டுக் காட்டு பார்க்கலாம்,” என்றார் ஒரு மாமா. சித்தப்பா காலை நுழைத்தார். முன்னால் ஒரு விரல் இடம் மிச்சம் இருந்தது. “உன்ற காலுக்கே லூசா இருக்குதே, அளவு பார்த்து வாங்கத் தெரியாதா?” என்று மாமா கேட்டதும் மறுபடியும் சிரிப்பு. அப்பா துண்டுக் கட்டை எடுத்து ஓரத்தைக் காட்டினார். “பாருங்க, ஓரங்கூட அடிக்கலை. வெட்டித் தள்ளுன துணியை இவன் தலையில கட்டியிருக்கறாங்க.” அவர் குரலில் கேலியைவிட அவமானம் அதிகம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. தம்பி கப்பலில் இருக்கிறான் என்று சந்தையிலும் கோயிலிலும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

சித்தப்பா செருப்பைக் கழற்றி, பழையபடி காகிதத்தில் சுற்றி வைத்தார்.

அதற்குப் பிறகு ஊரில் பேச்சு வேறு மாதிரிப் போனது. கப்பலில் ஏதோ தகராறு பண்ணித் துரத்திவிட்டார்கள் என்றார்கள். தலையில் அந்த நீலத் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டைக் குளிப்பாட்டுகிற ஆளைப் பார்த்து, கொஞ்சம் கழண்டுவிட்டது போல என்றும் சொன்னார்கள். அப்பா காதிலும் அது விழும். அவர் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆடியில் மழை பிடித்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு பக்கம் சரிந்து, ஓடு மாற்றும் வரை லீவு என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் ஏலக்காய் ஏற்றிவந்த ஒரு டிரைவர், என் அத்தையின் கால் வீங்கி அவள் படுத்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கம்பத்துக்கு மேலே கேரள மலையில், சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டக்காரருக்குக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை கிடையாது. மாமா முந்தின வருஷம் தவறியிருந்தார். அன்றிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்: ஏலக்காட்டை விற்றுவிட்டு அக்கா நம் வீட்டோடு வந்துவிட வேண்டும். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மலையில் ஒற்றைப் பொம்பளை இருக்கிறாள் என்ற நினைப்பே அவரைத் தூங்கவிடாது.

“நீ போய் அக்காளைக் கூட்டீட்டு வா,” என்று சித்தப்பாவிடம் சொன்னார். “இங்க சும்மா இருக்கறதுக்கு அந்த வேலையாச்சும் பண்ணு. புள்ளையையும் கூட்டீட்டுப் போ. புள்ளையைக் கண்டா அக்கா மனசு எளகும்.” என்னைத் தனியாக அழைத்து, “அத்தே, எங்ககூட வந்துருங்க, நீங்க இல்லாம நல்லாவே இல்லைன்னு சொல்லோணும், என்ன கண்ணு?” என்று சொல்லிக்கொடுத்தார். நான் வழி நெடுக அதை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன்.

கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போகத் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போன பயணம் அது. கோபாலபுரம் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தி மூட்டைகளைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் நீல மூட்டையை அவிழ்த்த போலீஸ்காரர் ஒரு செருப்பைத் தூக்கிப் பிடித்து, “இதெந்தா சாதனம்? மனுஷ்யன்மாருக்கு இடானுள்ளதோ?” என்று, இது மனிதர் போடுகிறதா எனக் கேட்டார். பஸ் முழுக்க எட்டிப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சித்தப்பா மட்டும் பொறுமையாக ஒவ்வொரு கொக்கியையும் போட்டு அவிழ்த்து அவருக்குக் காட்டினார். அவரும் சுவாரசியமாகப் பார்த்துவிட்டு, “கொள்ளாமல்லோ” என்று மெச்சித் திருப்பிக் கொடுத்தார். அந்தச் செருப்பைப் பற்றி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான்.

கம்பத்திலிருந்து மேடு ஏறும்போதே காது அடைத்துக் குளிர் வந்துவிட்டது. சக்குபள்ளத்தில் இறங்கியபோது மழையா மூடுபனியா என்று தெரியாத ஒன்று எங்கள் மேல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை. பச்சை ஏலக்காய், விறகுப் புகை, ஈரக் கம்பளி, மூன்றும் சேர்ந்தது. வீட்டை ஒட்டியே காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது.

அத்தை கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாகி, கணுக்கால் வரை மினுமினுவென்று வீங்கியிருந்தது. ஊசி போட்ட டாக்டர், ஆறும் வரை காட்டுக்குள் காலை வைக்கக் கூடாது, மறுபடி கடி பட்டால் காலுக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார். நான் பஸ்ஸில் பாடம் பண்ணியதை ஒரு மூச்சில் ஒப்பித்தேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். “ஆரு சொல்லிக்குடுத்தா, உங்கப்பனா?”

தலையாட்டினேன்.

“நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கறான். நான் வந்து உங்க ஊட்டுல என்ன கண்ணு பண்ணுவேன்?”

“சும்மா இருக்கலாமுங்க அத்தே.”

“அதுதான் எனக்கு வராது,” என்றாள்.

ஏலக்காடு பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஏலக்காய் மேலே காய்ப்பதில்லை. செடி ஆள் உயரத்துக்கு மேலே போனாலும் காய் பிடிக்கும் சரம் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும். எடுக்க வேண்டுமானால் குந்தி உட்கார வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சருகுக்குள் ஒவ்வொரு இலைக்கும் ஒரு அட்டை. பெண்கள் காலில் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவிக்கொண்டு போவார்கள். அரை மணி மழையில் அது கரைந்துவிடும். சாயங்காலம் ஸ்டோர் வாசலில் வரிசையாக நின்று பாவாடையைத் தூக்கிப் பிடித்து, ஒருத்தி காலில் இருப்பதை ஒருத்தி பிய்த்து உப்பில் போடுவார்கள். ரத்தம் நிற்காமல் கோடு கோடாக வழியும். அவர்கள் பாட்டுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் முதல் நாள் பார்த்துவிட்டு உள்ளே ஓடிப் போய்விட்டேன்.

காய் எடுப்பு நேரத்தில் காட்டுக்குச் சொந்தக்காரர் காட்டில் நிற்க வேண்டும். அத்தையால் நிற்க முடியவில்லை. பழுத்த காயை எடுக்காமல் விட்டுப் பிஞ்சைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். பாதிக் காய் வெடித்து அணில் தின்றது. கட்டிலில் கிடந்தபடி அத்தை ஜன்னல் வழியாக மேட்டைப் பார்ப்பாள். பெரிய தம்பி சொன்னதுதான் நடக்கும் போலிருக்கிறது என்று ஒரு நாள் அவளே சொன்னாள். அன்றைக்கு அவள் கண் கலங்கியிருந்தது.

புண் வாய் மூடிய பிறகு சித்தப்பா நீல மூட்டையிலிருந்து குளம்புச் செருப்பை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார்.

அத்தையும் முதலில் சிரித்தாள். பிறகு துணியை விரலால் அழுத்திப் பார்த்தாள், ரப்பரை வளைத்துப் பார்த்தாள். “அளவு பெரிசா இருக்குதே, உனக்கா வாங்கினே?”

சித்தப்பா, “அண்ணனுக்குங்கக்கா,” என்றார். “அங்க ஒரு ஊர்ல கப்பலை நிறுத்தியிருந்தாங்க. வெளிய நடந்து போனா வயக்காடு, நடவு நடந்துட்டிருந்துது. நம்மூராட்டவே சேறு. எல்லாரும் இதைப் போட்டுட்டு எறங்குறாங்க. எனக்கு அண்ணன் காலு ஞாபகம் வந்துருச்சு.”

அப்பாவின் கால் எனக்கும் தெரியும். நடவுக் காலம் முழுக்க விரலிடுக்கு வெளுத்து வெடித்திருக்கும். அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் காய்ச்சி ஊற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு உத்தரத்தைப் பார்ப்பார்.

“ஒண்ணு நனைஞ்சா மாத்திக்கறதுக்கு இன்னொண்ணு. அதுதான் ரெண்டு ஜோடி.”

“இதை அவன்கிட்டச் சொன்னியா?”

“அதுக்குள்ளதான் எல்லாரும் சிரிச்சுப்போட்டாங்களே.”

அத்தை வேறொன்றும் கேட்கவில்லை. காலை நீட்டினாள். அப்பாவுக்கும் அத்தைக்கும் ஒரே மாதிரி நீளப் பாதம். அளவெடுத்தது போல உள்ளே போயிற்று. குனிந்தால் அவளுக்கு வலிக்கும் என்பதால் கொக்கி மாட்டுவது என் வேலையாயிற்று. தினமும் காலையில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் கீழே உட்கார்ந்து குதிகாலிலிருந்து மேலே ஒவ்வொன்றாக நூல் வளையத்தில் மாட்டுவேன். கடைசிக் கொக்கி விழும்போது மெல்லிய ஒரு ‘டிக்’. அப்புறம் அத்தை காட்டுக்குள் போவாள். சாயங்காலம் கழற்றினால் உள்ளே ஒரு அட்டை இருக்காது. ஸ்டோர் வெக்கையில் தலைகீழாக மாட்டி வைத்தால் காலைக்குள் காய்ந்துவிடும்.

நாலைந்து நாள் போயிற்று. ஒரு நாள் போனவள் பாதியில் திரும்பி வந்துவிட்டாள். வாசல்படியில் உட்கார்ந்து, “கழட்டு” என்றாள். “அவளுக காலு பூரா ரத்தத்தோட குந்தியிருக்கறாளுக. நான் மட்டும் துரை மாதிரி பூட்ஸ் போட்டுட்டு நிக்கறேன். பேச வாய் வர்றதில்லை.”

இரண்டாவது ஜோடியை அவள் கொடுத்தது காய் எடுக்க வரும் பெண்களில் மூத்தவளுக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். முதலில் அவள் கையால்கூடத் தொடவில்லை.

“ஆத்தி, நமக்கெதுக்கும்மா இது? மாட்டுக்கால் மாதிரில்லா இருக்கு. ஊர்ல போய் எவகிட்டயும் சொல்ல முடியுமா?”

“ஊருல போயி எதுக்குச் சொல்றே? போட்டுட்டுக் காட்டுக்குள்ள வா,” என்றாள் அத்தை.

முன்னால் கந்தல் அடைத்து, பெரியக்கா அதைப் போட்டுக்கொண்டு ஸ்டோர் முற்றத்தில் இரண்டு சுற்று நடந்தாள். மற்றப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளும் ஒரு சுற்று மாடு போல முட்ட வந்து காட்டினாள். மறுநாள் சாயங்காலம் வரிசையில் அவள் கால் மட்டும் சுத்தமாக இருந்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

இருந்தது இரண்டு ஜோடிதான். சித்தப்பா அந்த நீலத் துண்டுகளை எடுத்தார். அத்தை ஒவ்வொருத்தியின் கெண்டைக்காலையும் நூலால் அளந்து சொல்லச் சொல்ல, ஸ்டோர் அடுப்பு ஓரம் உட்கார்ந்து, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் உறைகளாகத் தைத்தார். பாதத்தில் ஏறும் அட்டை கண்ணில் படும், தட்டிவிடலாம், மேலே போவதுதான் தொல்லை என்று பெரியக்கா சொல்லியிருந்தாள். உறையைப் புகையிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுத்தோம். துண்டு ஏன் ஓரம் அடிக்காமல் இருக்கிறது என்று நான் கேட்டதற்குச் சித்தப்பா, “மடிச்சுத் தச்சா அந்த இடத்துல ஈரம் நிக்கும், அழுக்குச் சேரும். இப்படி இருந்தா சீக்கிரம் காயும்,” என்றார். நான்கு மாதமாக அதைத் தலையில் கட்டிக்கொண்டு திரிந்தவரிடம் வீட்டில் யாருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை.

அந்த மழை முடிவதற்குள் அப்பா வந்தார். கூடவே காட்டை வாங்குவதற்கு ஒருவர், ஜீப்பில். நாங்கள் காட்டுக்குள் இருந்தோம். அத்தை ஒரு தூரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பெரியக்கா குந்தியிருந்தாள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்த்தது அத்தையை அல்ல. பெரியக்காவின் காலை.

“இது நம்ம தம்பி கொண்டாந்ததுதானே?” என்றார். “நம்ம ஊட்டுக்குன்னு கொண்டாந்த சாமானை வேலைக்காரிக்குத் தூக்கிக் குடுத்திருக்கறான்?”

சித்தப்பா கூடையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் அப்பாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. “உன்னை எதுக்குடா அனுப்பிச்சேன்? அக்காளைக் கூட்டீட்டு வரச் சொன்னா, இங்க உக்காந்துட்டுத் துணி தைக்கறயாமா? டிரைவர் வந்து சொல்றான். எனக்கு மானம் போகுது.”

“தம்பி,” என்றாள் அத்தை. அவள் குரலை உயர்த்தவில்லை. “அது நம்ம ஊட்டுக்குன்னு கொண்டாந்தது இல்லை. உனக்குன்னு கொண்டாந்தது.”

அப்பா புரியாமல் பார்த்தார்.

“நடவு சமயத்துல உன்ற காலு வெடிக்கும்னு, கடலுக்கு அந்தாண்ட இருந்துட்டு நெனைச்சிருக்கறான். நீ ஒறம்பரை முன்னால குளம்புன்னு சொல்லிச் சிரிச்சுப்போட்டே.”

பெரியக்கா மெதுவாக எழுந்தாள். ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, கொக்கிகளை விடுவித்து, இரண்டையும் கழற்றி அப்பாவின் முன்னால் வைத்தாள். “தெரியாமப் போச்சு ஐயா. ஒங்களுதுல்லா. எடுத்துக்கிடுங்க.” அவள் வெறும் பாதம் சருகுக்குள் நின்றது.

அப்பா அந்தச் செருப்பைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ஆனால் பெரியக்காவிடம்தான் பேசினார். “நீயே போட்டுக்கம்மா. அட்டை ஏறும், சீக்கிரம் போடு.”

வாங்க வந்தவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஜீப் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு இறங்கிப் போயிற்று.

பின்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அத்தை காட்டை விற்கவில்லை. சாகும் வரை அங்கேதான் இருந்தாள். சித்தப்பாவும் அங்கேயே தங்கி, அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். கறுப்புத் துணிச் செருப்பு இரண்டு மழைக்காலம் தாங்கியது, மூன்றாவதில் ரப்பர் விட்டுப் போயிற்று. இப்போது ஏலக்காட்டில் எல்லாரும் ரப்பர் கம்பூட்ஸ்தான் போடுகிறார்கள்.

அப்பா வந்த மறுநாள் காலையில் அவரோடு நானும் ஊருக்குத் திரும்ப வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டாகிவிட்டது. சித்தப்பா எங்களை ஏற்றிவிட வந்தார். தகரக் கூரை போட்ட பஸ் ஸ்டாப்பில் ஒரு பெஞ்சு. அதில் நானும் அப்பாவும், அப்பாவின் நனைந்த குடையும், என் பையும். சித்தப்பா கூரை விளிம்பில் நின்றார். பஸ் வளைவுக்குக் கீழே ஹாரன் அடித்தது.

“ஏன்டா,” என்றார் அப்பா, சாலையைப் பார்த்துக்கொண்டே. “கப்பல்ல சோறு கெடைச்சுதா உனக்கு?”

சித்தப்பா திரும்பினார். “கெடைச்சுதுங்கண்ணா. ஆக்குனதே நாந்தானுங்களே.”

“நீயா? சுடுதண்ணி வெக்கத் தெரியாதே உனக்கு.”

“அங்க போய்க் கத்துக்கிட்டேனுங்க.”

“காய்ச்சல்னு படுத்தா ஆரு பார்ப்பாங்க?”

சித்தப்பா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஊருக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அவரிடம் யாரும் இதையெல்லாம் கேட்டிருக்கவில்லை.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “கம்பம், கம்பம்” என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். அப்பா எழவில்லை.

“நீ போப்பா,” என்றார் கண்டக்டரிடம். “நாங்க அடுத்ததுல வர்றோம்.”

பிறகு குடையை எடுத்துக் கீழே வைத்தார். பெஞ்சில் அது இருந்த இடம் ஈரமாக இருந்தது. வேட்டி நுனியால் அதைத் துடைத்தார்.

“உக்காரு,” என்றார் தம்பியிடம். “மொதல்ல இருந்து சொல்லு.”